பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பார் என் வீட்டுக்காரர். அதனால்தான் கடையில் முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவருக்கு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கம்ப்யூட்டர்களைப் பிரித்து மேய்வார். இந்தப் பக்கம் வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை.

அவருக்குக் கை நடுக்கம் வந்து ஒரு வருடம் ஆகிறது. குணமாகாது, மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாத்திரை போட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் கை நிலைக்கு வரும். அதுவரை எதையும் தொடமாட்டார். யார் வந்தாலும் பொருளை வைத்துவிட்டுச் சாயங்காலம் வரச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் வாயில் வந்ததை அளந்துவிடுவேன். விஷயம் வெளியே தெரிந்தால் ஒருத்தரும் நம்பிக் கொடுக்கமாட்டார்களே. அந்த நாற்காலியை விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார்?

அன்று மதியம் வீடியோ எடிட்டிங் செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு ஃபேனில் ஒன்று நின்றுபோய், கார்டு கொதித்து, வேலைக்கு நடுவே திரை அணைந்துவிடுகிறதாம். புது ஃபேனைக் கையோடு வாங்கி வந்திருந்தாள். ஒரு விளம்பரப் படத்தை மறுநாள் கொடுத்தாக வேண்டுமாம். வழக்கம்போல வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் தயங்கினாள்.

"அக்கா, சாருக்குக் கை சரியில்லைன்னு சொன்னாங்களே, நிஜமா?"

எனக்குச் சுருக்கென்றது. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ. கோபம் தலைக்கேறிவிட்டது.

"அவர் கைக்கு என்ன கேடு? இங்கேயே உட்காரு. நீ காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மாட்டித் தருவார்."

கார்டோடு உள்ளே போனால், அவர் அப்போதுதான் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வெளியே காத்திருப்பதை முணுமுணுத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். என் பேச்சு கீழே விழக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டிக் கார்டை வாங்கிக்கொண்டார்.

திருகுகளைக் கழற்றினார். சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டையை அலுங்காமல் தூக்கி, ஃபேனின் ஒயரை இடுக்கியால் உருவினார். அதன் அடியில் காய்ந்து கிடந்த, சூடு கடத்தும் பசையைத் துடைத்துப் புதுப் பசை தடவினார். பழைய ஃபேன் போய்ப் புதியது உட்காரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு நான் கார்டைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு திருகுகளை முடுக்கினார். கடைசித் திருகில் கை துள்ளியது. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக் கார்டைக் கீறிக்கொண்டு போனது. நொய்யரிசியைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று தெறித்து மேசைமேல் விழுந்தது.

எங்கள் கம்ப்யூட்டரின் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, இதை மாட்டிப் பார்த்தோம். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒட்டவைக்க முடியாதா என்று கேட்டேன். உள்ளே ஓடும் இழைகளும் அறுந்துவிட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

நான் வெளியே வந்தேன். கார்டு வரும்போதே செத்துத்தான் வந்தது என்று கூசாமல் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. காலையில்கூட ஓடியதே, ஓய்வே கொடுக்காமல் ஓட்டி நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது அவர் தடுப்பைத் தாண்டி வந்தார். வாடிக்கையாளர் முன்னால் அவர் வந்து நின்று மாதக்கணக்காகிறது. வலது கையை மறைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"உன்மேல தப்பில்லம்மா. நல்லாத்தான் கொண்டுவந்த. என் கைதான் கெடுத்துடுச்சு."

எங்கள் கம்ப்யூட்டரின் கார்டை அவளுக்குக் கொடுக்கச் சொன்னார். வருகிற வேலையையெல்லாம் சோதித்துப் பார்க்க எங்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாராவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்களா? நாளைக்கு எவர் வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று கத்தினேன். அவர் இடுக்கிகளைத் துடைத்துத் துணியில் சுற்றினார். ஒன்று நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"நீ எனக்காகப் பொய் சொல்றத தினமும் உள்ள உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். "கை நடுங்கறதக்கூடத் தாங்கிக்கிட்டேன். அத என்னால தாங்க முடியல."

அவர் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு இறுக்கியும் அது நிற்கவில்லை.