இரும்பைக் கேட்காத கருவி

திபுர்சியோ உள்ளே வந்தபோது ஓதிலியா தங்கம் தேடும் டிடெக்டர் ஒன்றின் அறுந்த வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் அவன் இந்த வாசலை மிதித்ததில்லை.

"கதவைச் சாத்திக்கிறேம்மா," என்று சொல்லிக்கொண்டே சாத்தினான்.

அவன் கழுத்துச் சங்கிலியில் தங்கக்கட்டி தொங்கியது. அவளுடைய அண்ணன் நபோர் சிவப்பு ஓடையில் தோண்டி எடுத்தது. எடைபோட்டுப் பார்க்கத் திபுர்சியோவின் தீவனக் கடைக்குக் கொண்டுபோனான். ஊரில் நல்ல தராசு அங்கேதான் இருந்தது. திபுர்சியோ எடைபோட்டான், இழுப்பறையில் வைத்துப் பூட்டினான், போலீசைக் கூப்பிட்டான். தான் தேடிக் கண்டெடுத்த கட்டியை இவன் திருட வந்தான் என்றான். நபோர் மூன்று மாதம் சிறையில் இருந்தான். வெளியே வந்தபின், தங்கம் தேடப் போகிறவர்கள் எவரும் அவனைத் தங்கள் வண்டியில் ஏற்றவில்லை. மெஹிகாலி நகரத்துக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

"இந்த மிஷினைப் பிடிக்கக் கத்துக்குடு," என்றான் திபுர்சியோ. "அடுத்த ஞாயித்துக்கிழமை தங்கம் தேடுறவங்க சங்கத் தேர்தல். தலைவருக்கு நிக்கிறவன் அன்னைக்கு சிவப்பு ஓடையில எல்லார் முன்னாடியும் தேடிக் காட்டணுமாம்."

"காசியானோகிட்ட கேக்கலாமே. அவர்தான் இந்த ஊருக்கே மூத்தவர்."

"அவன்கிட்ட போய், எனக்கு ஆன் பண்ணக்கூடத் தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?" அவன் சிரித்தான். கட்டி நெஞ்சில் குலுங்கியது. "உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீ போய்ச் சொன்னாலும் எவன் நம்புவான்?"

ஓதிலியா சூட்டுக்கோலை அணைத்தாள்.

"நாளைக்குக் காலையில வாங்க. கொல்லையில கத்துத் தர்றேன்."

மறுநாள் அவன் வந்தான். எல்லாவற்றையும் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தாள். எதிலும் பொய் கலக்கவில்லை.

"முதல்ல தண்டோட நீளத்தைச் சரி பண்ணுங்க. அடியில இருக்கிற வட்டத் தட்டைத் தரைக்கிட்ட பிடிச்சா முதுகு வளையக் கூடாது. வயரைத் தண்டுல இறுக்கிச் சுத்துங்க, தொங்கினா அதுவே சத்தம் போடும்."

"சரி."

"இப்ப ஆன் பண்ணுங்க. தட்டை மண்ணுக்கு மேல தூக்கி இறக்குங்க. இன்னும் மெதுவா. நம்ம மண்ணுல இரும்புத்தூள் ஜாஸ்தி. இந்த மண்ணு இப்படித்தான்னு மிஷினுக்கு முதல்ல பழக்கணும். இறக்கும்போது சத்தம் ஏறுதா?"

"ஏறுது."

"இந்தக் குமிழைத் திருப்புங்க. ஏத்துனாலும் இறக்குனாலும் ஒரே ரீங்காரம் கேக்கணும்."

கால் மணி நேரம் ஆனது. அப்புறம் வீசக் கற்றுக்கொடுத்தாள். தட்டு தரையை ஒட்டியே போக வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஊஞ்சல் மாதிரி மேலே எழும்பக் கூடாது. ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். சத்தம் கேட்டால் குறுக்கே திரும்பி இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

அவன் நடந்தான். காலடிப் பக்கத்தில் தட்டு வந்தபோதெல்லாம் கருவி அலறியது.

"என்னம்மா இது, பன்னி கத்துற மாதிரி கத்துது?"

ஓதிலியா அவன் பூட்ஸைப் பார்த்தாள். முன்னால் எஃகுத் தகடு வைத்தது. தேடப் போகிற எவரும் அப்படி ஒன்றைக் காலில் மாட்டமாட்டார்கள். பெல்ட்டில் பித்தளைக் கொக்கிகூட வைக்கமாட்டார்கள். பூட்ஸைக் கழற்றுங்கள் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்துவிட்டது.

"அது இரும்பைக் கேக்குது," என்றாள். "நிறுத்திடலாம்."

பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிறிய குமிழைக் கடைசிவரை திருகினாள். இரும்பை வடிகட்டுகிற குமிழ் அது. அலறல் நின்றது. வடிகட்டி அந்த அளவுக்குப் போனால், இரும்புத்தூள் நிறைந்த சிவப்பு மண்ணில் சின்னத் தங்கத்தையும் கருவி இரும்பு என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு முனகல்கூட வராது. முதல் வருடத்திலேயே எல்லோரும் சூடுபட்டுத் தெரிந்துகொள்வது இது. அதனால் இங்கே இரும்பையும் தோண்டுவார்கள். நூறு ஆணிக்கு ஒரு தங்கம்.

பழைய செப்புக்காசு ஒன்றை மண்ணில் புதைத்தாள். அவன் அதன் மேல் வீசினான். மணி அடித்தது போலக் கேட்டது. செம்பு எப்போதும் கேட்கும்.

"அடடே!" திபுர்சியோவின் முகமெல்லாம் பல். "இவ்வளவுதானா? இதுக்கா இவனுங்க வெயில்ல செத்துச் சுண்ணாம்பாகுறானுங்க?"

"அந்தக் குமிழை மட்டும் தொடாதீங்க."

"உன் அண்ணன் மாதிரியே உனக்கும் நல்ல மனசும்மா," என்றான். அதை அவன் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஓதிலியா தனியாகச் சிவப்பு ஓடைக்குப் போனாள். நபோர் தோண்டிய குழி தூர்ந்து கிடந்தது. அதற்கு மேலே, வளைவில், வடிகட்டி இல்லாமல் அங்குலம் அங்குலமாக வீசினாள். நான்கு இடத்தில் மெல்லிய சத்தம், மூச்சு விடுவது போல. தோண்டக் கை பரபரத்தது. தோண்டினால் மண் உடைந்துவிடும், அவளே போட்டுவைத்தாள் என்பார்கள். நான்கும் துருப்பிடித்த ஆணியாக இருந்தால் எல்லாம் பாழ். மண்ணைத் தொடாமல் திரும்பினாள். அன்றும் மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை ஏழு வண்டிகள் ஓடைக்கு வந்தன. அடுப்பு மூட்டிக் காபி போட்டார்கள். உலர்ந்த மாட்டிறைச்சியை அகன்ற கோதுமை ரொட்டியில் சுருட்டித் தின்றார்கள். திபுர்சியோ புதுக் கருவியோடு இறங்கினான்.

"எங்கய்யா கண்டுபிடிச்சீங்க அந்தக் கட்டியை?" என்று ஒருவன் கேட்டான். "அங்கேயே போய்க் காட்டுங்க, எங்களுக்கும் அதிர்ஷ்டம் ஒட்டிக்கட்டும்."

திபுர்சியோவின் கண் ஒரு கணம் ஓதிலியாவைத் தேடியது. அவள் ஓடை வளைவைப் பார்த்தாள்.

"அதோ, அந்த வளைவுலதான்," என்றான்.

தேடுபவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தொப்பியைப் புதரில் மாட்டிவிட்டால் அது அவன் இடம். இருபது தப்படிக்குள் யாரும் வரக் கூடாது. தொப்பியை எடுத்துக்கொண்டு அவன் நகர்ந்துவிட்டால், அவன் நடந்த மண் பொது. அடுத்து யார் தொப்பி மாட்டுகிறார்களோ அவர்களுக்கு.

திபுர்சியோ மெஸ்கீட் முள்புதரில் தொப்பியை மாட்டினான். நன்றாகவே வீசினான். முதுகு வளையவில்லை, தட்டு எழும்பவில்லை. வளைவு முழுக்க நடந்தான். கருவி வாயே திறக்கவில்லை.

"ஒரு ஆணிகூடவா கத்தல?" என்றார் காசியானோ. எழுபது வயது, பல் பாதி இல்லை. "நான் போன வருஷம் இதே ஓடையில ஒரு டப்பா நெறைய துருப்பிடிச்ச ஆணி பொறுக்கினேன்."

"நான் முன்னாடியே சுத்தமா எடுத்துட்டேன் இங்க," என்றான் திபுர்சியோ. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். "இனிமே ஒண்ணும் இல்ல."

ஓதிலியா போய் அதே புதரில் தன் தொப்பியை மாட்டினாள். இத்தனை பேர் முன்னால் அவள் எதையும் செய்ததில்லை. காது சூடானது. ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டும். திபுர்சியோவின் பூட்ஸ் தடத்தின் மேலேயே தட்டை வீசினாள்.

மூச்சு போன்ற அந்தச் சத்தம் வந்தது. மண் இறுகிக் கிடந்தது, கடப்பாறையால் குத்த வேண்டியிருந்தது. ஒரு கை மண் அள்ளித் தட்டின் மேல் ஆட்டினாள், பாதியைக் கொட்டினாள், மறுபடி ஆட்டினாள். கடைசியில் உள்ளங்கையில் துருப்பிடித்த ஆணித்தலை மிஞ்சியது.

யாரோ சிரித்தார்கள். ஓதிலியா ஆணித்தலையை வீசிவிட்டு நகர்ந்தாள்.

இரண்டாவது இடம். கொண்டைக்கடலையில் பாதி இருக்கும். எச்சில் தொட்டுத் துடைத்தாள். மஞ்சள்.

சிரிப்பு நின்றது. மூன்றாவது இடத்திலும் தங்கம். அது இன்னும் பெரியது, சுண்ணாம்புக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

காசியானோ அவளிடம் போகவில்லை. நேராகத் திபுர்சியோவிடம் போனார், கருவியைக் கையிலிருந்து வாங்கினார், பக்கவாட்டுக் குமிழைப் பார்த்தார்.

"டேய், இங்க வந்து பாருங்கடா. இரும்பைக் கடைசிவரைக்கும் மூடி வச்சிருக்கான். செவப்பு மண்ணுல!" அவர் கண் கீழே போனது. "காலைப் பாரு, எஃகு பூட்ஸு! ஏன்யா, இதை வச்சா நீ அந்தக் கட்டியைக் கண்டுபிடிச்ச? தராசுல தேடினியா?"

எல்லோரும் கிட்டே வந்துவிட்டார்கள். திபுர்சியோவின் கழுத்து சிவந்தது.

"என் தப்பு இல்ல! இவதான் திருகி வச்சா. குமிழைத் தொடாதன்னு இவதான் சொன்னா!"

"இவ எதுக்குய்யா உன் மிஷினைத் தொட்டா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"இவதானே எனக்குக் கத்துக்குடுத்தா, போன வாரம்..."

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் காபி பொங்கி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

"போன வாரம் கத்துக்கிட்டவன்," என்றார் காசியானோ மெதுவாக, "ஆறு வருஷத்துக்கு முன்னாடி எப்படிய்யா தேடின?"

அவர் ஓதிலியாவின் பக்கம் திரும்பினார். நபோரை வண்டியில் ஏற்ற முதலில் மறுத்தவர் அவர்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த தங்கத்தையே பார்த்தார்.

திபுர்சியோ அவசரமாகச் சங்கிலியைக் கழற்றினான். "இந்தாம்மா. எடுத்துக்கோ. இதோட விட்டுடுவோம். நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

ஓதிலியா கையை நீட்டவில்லை.

"நமக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மேட்டுக்கு வாங்க. அங்கதான் போனுக்கு டவர் கிடைக்கும்."

அவன் அசையவில்லை. காசியானோ அவன் தோளில் கை வைத்தார். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். அவன் ஏறினான். சரளைக்கல்லில் வழுக்கி இரண்டு தடவை கையை ஊன்றினான், யாரும் தூக்கிவிடவில்லை.

மேட்டில் ஓதிலியா மெஹிகாலிக்கு அழைத்தாள். ஒலிபெருக்கியைத் திறந்துவைத்தாள். நான்காவது மணியில் நபோர் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஓதி? வேலையில இருக்கேன். கூட யாரு?"

"ஊர்ல எல்லாரும்ணே. போனை வைக்காத."

போனைத் திபுர்சியோவின் வாயருகே பிடித்தாள். அவன் உதட்டை நக்கினான்.

"முதல்ல பேரைச் சொல்லுங்க," என்றாள். "அப்புறம் அந்தக் கட்டி யாரோடதுன்னு சொல்லுங்க. இன்னைக்கு இங்க சொல்றதைத்தான் நாளைக்கு ஸ்டேஷன்லயும் சொல்லப் போறீங்க. அதனால சத்தமா."