சாகாத செல்

எண்பத்தாறாம் வருஷம் முத்தியால்பேட்டையில் மில் ஃபிட்டர் முருகையனுக்கு இருந்த மவுசு, எலெக்‌ஷனுக்கு நிற்கிறவர்களுக்குக்கூட இருந்ததில்லை. காரணம் ஒரு பென்சில் செல். பெரிய ரேடியோ கம்பெனி ஒன்று புதுசாக ஒரு செல்லைக் கொண்டுவந்து, தீர்ந்துபோனால் கரண்டில் வைத்து மறுபடி உயிர் கொடுக்கலாம் என்று பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு விளம்பரம் போட்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த விளம்பரத்தைக் கிழி கிழி என்று கிழித்தவர் முருகையன்தான்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசுவானேன்? போன வருஷம் இப்படித்தான் 'ஒழுகாத செல்' என்று ஒன்று வந்தது. அதை வாங்கிப் போட்ட சைக்கிள் கடை இராமதாஸின் டிரான்சிஸ்டர், வயிறெல்லாம் பச்சை பூத்துக் குப்பைக்குப் போனது. செத்த செல்லுக்கு ஊர் அறிந்த வைத்தியம் ஒன்றுதான். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் டார்ச் லைட் இன்னும் இரண்டு நாள் மினுக்கும். அதற்கு மேல் எவன் என்ன சொன்னாலும் புளுகு.

"சாகாத செல்ல வித்துட்டா அடுத்த மாசம் அவன் எத விப்பான்?" என்று முருகையன் கேட்டபோது பெஞ்சே தலையாட்டியது.

அந்தச் செல் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் மகள் ஜெயம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய் வீட்டில் பிள்ளை பெற்று, திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், அம்மா செல்வாம்பாளுக்கு ஒரு காது மிஷின் வாங்கிவந்தாள். செல்வாம்பாளும் மில்லில் வேலை பார்த்தவள்தான். அங்கே இருந்த இரைச்சலில் காது போய்விட்டது. மிஷினுக்குள் இருந்தது அதே கம்பெனியின் அதே செல். ராத்திரி சார்ஜரில் வைத்தால் மறுநாள் முழுக்க ஓடும்.

ஜெயம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள். லீவு முடிந்து டூட்டிக்குத் திரும்பும்போது குழந்தையோடு வருவாள். அதற்குள் அம்மா மிஷினுக்குப் பழகி, குழந்தை அழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் குழந்தை இங்கேயே வளரும். கேட்காவிட்டால் குழந்தை திண்டிவனத்தில் மாமியாரிடம்தான், வேறு வழியில்லை. செல்வாம்பாள் மிஷினை ரவிக்கையில் குத்தி, ஒயரைக் காதில் செருகிக்கொண்டு, பத்திரமாக இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

முருகையனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல பழக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மனைவிக்குக் காது கேட்காது என்கிற தைரியத்தில், அவள் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே எதை வேண்டுமானாலும் பேசுவார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவள் டீ கொடுக்கும்போது, "இவ தங்கச்சியத்தான் கேட்டேன், இத என் தலயில கட்டிட்டானுங்க" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். அதில் அந்த மனுஷனுக்கு அப்படி என்ன ருசியோ.

மிஷின் மாட்டிய முதல் நாள், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று முருகையன் இருமினார். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இனி எல்லாம் கேட்குமே. இத்தனை வருஷமாக ஆடிய வாய் அன்றைக்குச் சோறு தின்ன மட்டும்தான் திறந்தது.

ஃபிட்டருக்கு வழியா தெரியாது? பீடிக்கட்டு லேபிளில் நகத்தளவு கிழித்து, சார்ஜருக்குள் செல் போய் முட்டுகிற தகட்டில் ஒட்டிவைத்தார். சிவப்பு லைட் வழக்கம்போல எரியும். செல்லுக்கு மட்டும் ஒன்றும் ஏறாது. இரண்டு மூன்று நாளில் மிஷின் ஊமையானது. டீக்கடையில் அவர் சொல்லுக்கு இன்னும் மதிப்புக் கூடியது. கம்பெனிக்காரனின் மோசடியைப் பற்றி அவரும் வாய் வலிக்கப் பேசினார்.

செல்வாம்பாள் விடவில்லை. தினமும் செல்லைச் சார்ஜரில் வைத்தாள். அப்போதும் ஏறவில்லை என்று கண்டதும் மொட்டை மாடியில் ஒரு முறத்தில் அதைக் காயவைத்து, காக்காய் தூக்கிவிடக் கூடாதென்று வெயிலில் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். முருகையன் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இறங்கிப் போனார். அன்றைக்காவது அந்தக் காகிதத்தை எடுத்திருக்கலாம். ஜெயம் வருகிற நாளில்தான், மாட்டிக்கொள்வோமே என்ற பயத்தில் அதைச் சுரண்டி எறிந்தார். ராத்திரி முழுக்கச் சார்ஜரில் இருக்க வேண்டிய செல்லில் அதற்குள் என்ன ஏறும்?

ஜெயம் அம்மாவைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். பாயில் கிடந்த குழந்தை பசிக்கு வீறிட்டு அழுதது. செல்வாம்பாள் மிஷினை ஒரு கையால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை தானாக ஓய்ந்த பிறகு, ஆவலாகத் திரும்பி, "அழுவ ஆரம்பிச்சிட்டானா?" என்று கேட்டாள்.

ஜெயம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிஷினையும் சார்ஜரையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் பையில் போட்டாள். குழந்தையோடு பஸ்ஸுக்குக் கிளம்பியவளிடம், "அண்ணன் அப்பவே சொன்னாரும்மா" என்று இராமதாஸ் பெருமையாகச் சொன்னார். முருகையன் தரையைப் பார்த்தபடி நின்றார். உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

வீட்டுக்குள் வந்தால் வெறும் பாய் கிடந்தது. செல்வாம்பாள் குழந்தைக்காக எடுத்துவைத்திருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முருகையன் சட்டையைக் கழற்றிப் போட்டார். கேட்காத காதிலாவது கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்து, அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"செல்லு நல்ல செல்லுதான். நாந்தான் காயிதத்த வச்சிக் கெடுத்தேன். ஒனக்குக் கேட்டுடுச்சின்னா நான் பேசுனதெல்லாம் தெரிஞ்சிடுமேன்னு பயம்."

மடித்த துணி செல்வாம்பாள் கையில் அப்படியே நின்றது.

"எந்தக் காயிதம்?" என்றாள்.

"ஒனக்குக் காது கேக்குதா?" என்றார் முருகையன்.

"மில்லுல மிஷினு ஓடுற எடத்துல யாருய்யா காதால கேட்டா? வாயப் பாத்துதான எல்லாரும் பேசிக்கினோம். நீயும்தான பேசுன, மறந்துட்டியா? நீ சொன்னது ஒண்ணு வுடாம எனக்குத் தெரியும், எந்தங்கச்சி கதயும்தான். முதுவுக்குப் பின்னால அழுவுற புள்ள வாயத்தான் என்னால பாக்க முடியாது. அதுக்குத்தான்யா அந்தக் காது மிஷினு."

அவமானத்தில் அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. எழுந்து சட்டையைத் தேடினார். இப்போதே திண்டிவனம் போய் ஜெயத்தின் காலில் விழுந்தாவது சொல்லிவிடுகிறேன் என்றார்.

"ஒக்காரு" என்றாள் செல்வாம்பாள். கோபம்கூட இல்லாத குரல். "அப்பன் இப்பிடிப்பட்டவன்னு தெரிஞ்சா இந்த ஊட்டுல புள்ளய வுடுவாளா? இருக்கிற அம்மா ஊடும் இல்லாம பூடும் அவளுக்கு. செல்லு கெட்டதுன்னே இருக்கட்டும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.