நிக்கல் பூசிய சாவி

1

இந்தக் கதை ஒரு சாவியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை என் மனைவி வாசலில் நின்று முன்கதவுப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை.

"துருப்பிடிச்ச சாவியே தேவலாம்," என்றேன்.

"பளபளன்னு இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க."

இருந்தது. என் சட்டைப்பையில் துருக்கறை படிகிறதென்று அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், மின்சாரம் பாய்ச்சி, நிக்கல் பூசிக் கொண்டுவந்திருந்தாள். உலோகப் பூச்சுதான் அவள் ஆராய்ச்சி.

"கரைசல்ல நான் கண்டுபிடிச்ச மூலக்கூறையும் கொஞ்சம் போட்டேன். அது மேட்டுல போய் உக்காந்துக்கும். நிக்கலுக்கு வேற வழியில்ல, பள்ளத்துலதான் படியணும். கீறலெல்லாம் நிரவிடும்."

"சாவிக்கு வேலையே பள்ளத்துலதானேம்மா."

அவள் சாவியின் பற்களைத் தடவிப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

"இத்தன வருஷ ஆராய்ச்சி, கடைசில உங்க வாய்ல மாட்டிக்கிச்சு. சாயங்காலம் ப்ளஸ் மைனஸ் வயரை மாத்திக் குடுத்து பூச்சை எடுத்துடறேன். எப்படிப் படிஞ்சுதோ அப்படியே கரைஞ்சு வந்துடும்."

பேருந்துக்கு ஓடிய அவசரத்தில் சாவியைப் படியிலேயே விட்டுவிட்டாள்.

2

பேருந்தில் அவள்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. பேருந்திலேயே இதயம் நின்றுவிட்டது என்பதை வேண்டுமானால் இந்த அடைப்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் அதற்கு இடம் தரமாட்டேன்.)

3

இன்னொரு தொடக்கமும் எழுதினேன்: 'அவள் தன் ஆராய்ச்சியிலேயே கரைந்துபோனவள்.' இரங்கல் கூட்டத்தில் துறைத்தலைவர் சொன்னது. அடித்துவிட்டேன். அவள் கரைந்தெல்லாம் போகவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், குறட்டை விட்டாள், மின்விசிறி வேகத்துக்காகச் சண்டை போட்டாள்.

4

அவளோடு வேலை செய்த தோழி வந்தார், சமையலறைக் கதவு வழியாக. எங்களிடம் வேறு சாவி இல்லை. வெளியிலிருந்து பூட்ட வழியில்லாத முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டேன்; யாருக்கும் திறப்பதில்லை.

"குடுங்கண்ணா. வயரை மாத்தினா போதும், பூச்சு வந்துடும்."

"வேண்டாம்மா."

என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "வர்றவங்க எல்லாம் பாத்திரம் தேய்க்கிற இடத்த மிதிச்சுக்கிட்டுத்தான் வரணுமாப்பா? பூட்டையாவது மாத்துங்க."

"வழுக்கும்னு பயப்படறவங்க போன்ல பேசட்டும்."

"அம்மா இருந்தா அவங்களே எடுத்திருப்பாங்க."

"அப்ப அவளே எடுக்கட்டும்," என்றேன்.



5

முடிவு ஒன்று: தோழி வயரை மாற்றுகிறார். நிக்கல் கரைகிறது. கதவு திறக்கிறது. நான் கண்ணீரோடு— எழுதும்போதே கை கூசியது.

முடிவு இரண்டு: மகள் புதுப்பூட்டு வாங்கி வருகிறாள். நானும் மெல்ல மெல்ல— கிடையாது.

கதை முடிவதற்குள் நான் தேறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். பள்ளத்தை நிரவிக் காட்டச் சொல்கிறீர்கள். நிரவிய சாவி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சாவியை மட்டும் கேட்காதீர்கள்.

இன்று காலையும் போட்டுப் பார்த்தேன். பாதிதான் போகிறது.