மூன்று அம்பு, பதினோரு காலடி

மூன்றே மூன்று அம்பு கேட்டு என் பட்டறைக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. ஆறு கேட்பார்கள், பன்னிரண்டு கேட்பார்கள். அம்பு உடையும், தொலையும், புல்லுக்குள் புகுந்துகொண்டு தண்ணி காட்டும். அத்தான் மூன்று போதும் என்றார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மணிக்கட்டை முறித்த புண்ணியவான். வெளியே சொன்ன கதை, அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்பது. அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வரும் சனிக்கிழமை அக்கா அவரை விட்டுவிட்டு என் மாடி அறைக்கு வரப்போகிறாள். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பதாக என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் சிரித்து வைத்தேன்.

“எவ்வளவு தூரத்துக்கு அத்தான்?”

“பதினோரு காலடி.”

“அவ்வளவு கிட்டவா? அதுக்கு எதுக்கு வில்லு, கல்லைத் தூக்கிப் போட்டாலே பட்டுடுமே.”

“நீ செஞ்சு குடு சின்னவளே, போதும்.”

அந்தக் கணக்கை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். போன வாரம் அக்கா போனில் சொல்லிச் சிரித்தாள். உங்க அத்தான் வாசல்லேருந்து பின்கதவு வரைக்கும் காலாலயே அளந்துக்கிட்டு இருக்காரு, தரைக்குப் புதுசா கல்லு போடப் போறாராம், சரியா பதினோரு காலடி இருக்குது என்றாள். தரைக்குக் கல் போட அம்பு எதற்கு?

வேலை என்று வந்தபின் கை தன்பாட்டில் நடந்தது. பட்டறைக்குப் பின்னால் உள்ள சந்தில் வைக்கோல் கட்டைத் தூக்கி நிறுத்தினேன். பதினோரு காலடி எண்ணிச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். இறகு ஒட்டாத அம்பு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். மொட்டை அம்பு என்போம். இறகு இருந்தால் அம்பின் குறையை அது போகிற வழியிலேயே சரிக்கட்டிவிடும். மொட்டை அம்புக்கு மறைக்கத் தெரியாது.

அம்பு நேராகப் போகிறது என்று நினைப்பவர்கள் அதை விட்டுப் பார்க்காதவர்கள். மர வில்லில் மரமே வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அம்பு வளைந்து அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். தண்டு விறைப்பாக இருந்தால் வளையாமல் இடப்பக்கம் ஒதுங்கும். துவண்டால் வலப்பக்கம் போகும். வலக்கையால் நாண் இழுப்பவர்களுக்கு இதுதான் கணக்கு. கனமான முனை போட்டால் தண்டு துவளும், லேசான முனை போட்டால் விறைக்கும். நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கிறோமோ அவ்வளவு வேகமாக வில் தள்ளும், தண்டும் அவ்வளவு வளையும். ஒருவருக்குப் பொருத்திய அம்பு, அவரைவிட அதிகம் இழுக்கிற இன்னொருவருக்குப் பொருந்தாது.

அத்தான் தான் கொண்டுவந்திருந்த வில்லின் நாணை இழுத்தார். தாடைக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே கை நின்றுவிட்டது.

“முழுசா இழுங்க.”

“ஏணியிலேருந்து விழுந்ததுல வலது தோள் பிடிச்சுக்கிச்சு. இவ்வளவுதான் வரும்.”

அந்த இடத்தில் தண்டின் மேல் பென்சிலால் கோடு போட்டேன். முனைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாவது முனைக்கு மொட்டை அம்பு கட்டின் நடுவில், வால் எந்தப் பக்கமும் சாயாமல் குத்தி நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக என் வேலை மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அக்காவின் பழுப்புப் பெட்டி இருந்தது. பிடி அறுந்துபோய் அவளே நைலான் கயிறு கட்டிய பெட்டி. முந்தின வாரம்தான் ஒளித்துக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மாடிக்குத் தூக்கச் சோம்பல்பட்டவள் நான்.

“நாளைக்கு வர்றேன். நீ எப்படிச் செய்வேன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போலீசுக்குப் போய் என்னத்தைச் சொல்ல? ஒரு மனிதர் மூன்று அம்பு கேட்டார் என்றா? செய்ய மாட்டேன் என்றால் அடுத்த தெருக்காரன் ஒழுங்காகச் செய்து கொடுத்துவிடுவான். அக்காவிடம் சொன்னால் பயத்தில் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அளவெடுத்ததைவிடத் தடித்த தண்டு மூன்று எடுத்தேன். சரியாக வந்த முனையை விட்டுவிட்டு, பார்க்க அதைப் போலவே இருக்கும் லேசான முனையைப் போட்டேன். இறகு ஒட்டினேன். அத்தானின் வில்லுக்குச் சமமான பலமுள்ள என் வில்லில் பூட்டி, பென்சில் கோடு வரை மட்டும் இழுத்து விட்டுப் பார்த்தேன். மூன்றும் குறிக்கு ஒரு சாண் இடப்பக்கம் போய்க் குத்தின. ஒரு சாண் போதும். முதல் அம்பு தவறினால் அக்கா பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவாள். அன்றைக்கு எனக்கு என் கையின் மேல் அப்படி ஒரு பெருமை.

மறுநாள் வந்தவர் மூன்றையும் துணியில் சுற்றினார்.

“விட்டுப் பாக்கலையா அத்தான்?”

“எதுக்கு? நீ செஞ்சதாச்சே.”

தேங்காய் வாங்கினால்கூட நான்கு முறை தட்டிப் பார்க்கிற ஆள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். சாமான் எல்லாம் எடுத்துவைத்தாயா என்று கேட்கத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அவரும் வீட்டில்தான் இருக்கிறாராம்.

“காலையிலேருந்து ஒரே வேலைடி. கூடத்து இரும்பு அலமாரியைத் தனி ஆளா நகர்த்திட்டாரு. நடைவழி இப்ப வாசல்லேருந்து பின்கதவு வரைக்கும் பளிச்சுன்னு கிடக்குது.”

“தனியாவா? தோள் வலின்னு சொன்னாரே.”

“எந்தத் தோள்?”

“ஏணியிலேருந்து விழுந்தாரே.”

“ஏணியா? எங்க வீட்டுல ஏணி ஏதுடி?”

தோளுக்கு ஒன்றும் இல்லையென்றால் அவர் நாணைத் தாடை வரைக்கும் இழுப்பார். வில் இன்னும் வேகமாகத் தள்ளும். நான் விறைப்பாகச் செய்துகொடுத்த தண்டுகள் அந்த வேகத்துக்குச் சரியாக வளையும். நான் கெடுத்துக் கொடுத்தது கச்சிதமாகப் பொருந்தும். நான் கெடுப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு கெடுப்பேன் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. நான் அவருடைய கையை அளந்துகொண்டிருந்தபோது அவர் என்னை அளந்திருக்கிறார்.

“அக்கா, நான் சொல்றதைக் கேளு. பையை விடு. பின்பக்கமா இப்பவே வெளியே போ.”

“பின்கதவு பூட்டியிருக்குதுடி. பூட்டை மாத்தணும்னு சாவியை அவருதான் வாங்கி வெச்சிருக்காரு. ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்குது?”

அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது. அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டு மறுபடி வந்தாள்.

“யாரு போன்லன்னு கேட்டாரு. நீன்னு சொன்னேன். அம்பு நேராப் போகுதாம், உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. என்ன அம்புடி?”

“அக்கா, அவரு எங்க நிக்கிறாரு?”

“வாசல்ல.”

“நீ?”

“நான் பின்கதவுகிட்டதான் நிக்கிறேன். ஏன்?”