தங்கம் என்றார்

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைச் சோப்பு நுரையில் முக்கி, அவள் கணவரின் நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உயிர் போன விரல்கள் விறைக்கத் தொடங்கிவிட்டன. கறுப்பு மட்டும் போவேனா என்றது.

"விடுங்க அண்ணி. அதைப் போய் யாரு பாக்கப்போறா?" என்றாள் நாத்தனார்.

"நான் பாப்பேன்ல."

அது ராணுவக் கிடங்கில் இருந்த கனரக இயந்திரத் துப்பாக்கியின் கரி. அதைப் பராமரிப்பதுதான் இருபத்தாறு வருஷமாக அவருடைய உத்தியோகம். குழலைக் கழற்றி, கம்பியில் துணி சுற்றி, போன துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விட்டு இழுப்பார். உள்ளே படிந்ததைச் சுரண்டுவார். எண்ணெயை விரல்நுனியில் தொட்டுப் பட்டும் படாமலும் பூசுவார். கூடிப்போனால் புழுதி ஒட்டுமாம். அதற்காக வீட்டுத் தலையணை உறைகளையெல்லாம் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கொடுத்தவள் இவள்தான். இவள் மாடிப்படியில் விழுந்து முட்டி வீங்கிக் கிடந்த அன்று, "தைலம் எங்கியாவது இருக்கும் பாரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிய மகானுபாவர் அவர். இவளைக் கூப்பிட "இந்தா" என்ற ஒரே சொல்தான் வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அது மாறவே இல்லை.

அதனால்தான் இன்று விடியற்காலையில் நடந்ததை அவளால் நம்ப முடியவில்லை. பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, "தங்கம்" என்றார். அறையில் வேறு யாரும் இல்லை.

"குளிருதா தங்கம்? ஈரக் காத்து அடிக்குது பாரு."

தன் போர்வையை உருவி அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை வாங்கிப் போர்த்திக்கொண்டு, "குளிரலைங்க" என்று அழுதாள். அரை மணி நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

அவளுக்கு அது போதும் என்றிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை வருஷத்து மனத்தாங்கலையும் விட்டுக்கொடுத்துவிட்டாள். வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், நாத்தனாரிடம் மூன்று தடவை.

பத்து மணிக்குக் கிடங்கிலிருந்து ஸ்பிரிங் வந்தான். நடக்கும்போது அவன் குதிகால் தரையில் பாவாது. அதனால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருஷம் அவருக்குக் கையாளாக இருந்தவன். காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"இனிமே தங்கத்தை யாரும்மா பாத்துக்குவாங்க?"

"யாரை?"

"தங்கத்தைம்மா. துப்பாக்கிக்கு சார் வச்ச பேரு. உங்ககிட்ட சொன்னதில்லையா? மழை வந்தா ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும்ல, உறையை இழுத்துப் போட்டுட்டு, 'குளிருதா தங்கம்'னு ஒரு தட்டு தட்டிட்டுத்தான் கிளம்புவாரு. நாங்கெல்லாம் கேலி பண்ணுவோம்."

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். செத்தவரிடம் சண்டைக்குப் போகவும் முடியாது. இரும்புக்குப் போட்ட போர்வையை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாங்கியிருக்கிறோமே என்று அவமானத்தில் காது சுட்டது. "குளிரலைங்க" என்று பதில் வேறு சொல்லியிருந்தாள்.

அதற்குள் நாத்தனார், அப்போதுதான் வந்திறங்கிய பெரியம்மாவை உள்ளே அழைத்து வந்தாள். "அண்ணி, அண்ணன் கடைசியா உங்களை எப்படிக் கூப்பிட்டாருன்னு பெரியம்மாகிட்ட சொல்லுங்க."

அவள் கீழே வைத்த பிரஷ்ஷை எடுத்து உதறினாள்.

"தங்கம்னு கூப்பிட்டாராம் பெரியம்மா! அண்ணனுக்கு இப்படியெல்லாம் பேச வரும்னு யாரு கண்டா?"

ஸ்பிரிங்கின் அழுகை நின்றது. அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

நாத்தனார் அவனையும் விடவில்லை. "நீங்க கூடவே இருந்தவரு. அங்கேயும் அண்ணியைப் பத்திப் பேசுவாரா?"

"பேசுவாருங்க. வாய்க்கு வாய் தங்கம், தங்கம்னுதான்..."

"கொடுத்துவச்சவம்மா நீ" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்தாள்.

"வண்டி வந்தாச்சா?" என்றாள் அவள்.

"வாசல்ல நிக்குது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே அண்ணி. ஆளுங்க வரணும்ல."

"வந்தவங்க போதும். எடுக்கச் சொல்லு."

தாங்க முடியாமல் சொல்கிறாள் என்று பெரியம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் சாய்ந்தபடியே, கதவோரம் வழியை மறித்துக் கிடந்த நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.