ஈரச் சேலையும் செப்புக் கம்பியும்

வில்மோர் கம்பெனியின் குடியிருப்பு விதிப் புத்தகத்தில் நாற்பத்தொரு விதிகள் இருந்தன. அந்தக் கம்பெனியின் சரக்குக் கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துவந்த இராமலிங்கம், அவற்றுள் நாற்பது விதிகளை ஒருநாளும் மீறியவர் அல்லர். முன்வாசலில் துணி உலர்த்தக் கூடாது என்றால், அவர் வீட்டு முன்வாசலில் ஒரு கைக்குட்டைகூடக் காய்ந்ததில்லை. இருட்டிய பிறகு உரல் இடிக்கக் கூடாது என்றால், அவர் வீட்டு உரல் மாலையிலேயே ஓய்ந்துவிடும். நாற்பத்தொன்றாவது விதிதான் அவருடைய வயிற்றெரிச்சலைக் கிளப்பிற்று.

‘கிராணிமாரும் கூலிகளும் வசிக்கும் வீடுகளின் கூரையிலோ, சுவரிலோ, மரத்திலோ, வானொலிக்கென்று கம்பமோ கம்பியோ கட்டலாகாது’ என்றது அந்த விதி. ஏன் கட்டலாகாது என்று அது சொல்லவில்லை. கேட்டவர்களிடம், குடியிருப்பின் அழகு கெட்டுவிடும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைப் புகை படிந்து கறுத்துப்போன பன்னிரண்டு வீடுகள்; கொல்லைப்புறத்தில் மூடியில்லாத சாக்கடை; மழை பெய்தால் சமையற்கட்டுக்குள் ஒழுகும் தகரக் கூரை. கம்பி ஒன்று குறுக்கே ஓடினால் கெட்டுவிடக் கூடிய அழகு இவற்றில் எங்கே ஒளிந்திருந்தது என்பது இராமலிங்கத்துக்கு விளங்கவே இல்லை. மேட்டின்மேல் இருந்த மேலாளர் துரையின் பங்களாவிலோ, தென்னைமரத்தையும் மிஞ்சிய கம்பம் ஒன்று ஊரெல்லாம் பார்க்க நின்றுகொண்டிருந்தது. அங்கே அழகு கெடவில்லை போலும்.

வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள அரசாங்கமே முத்திரை குத்தி அவருக்கு உரிமச் சீட்டு வழங்கியிருந்தது. அரசாங்கம் கேட்கலாம் என்றது. கம்பெனி கேட்கக் கூடாது என்றது. சென்ற மாதம் அவர் கொல்லையில் நட்ட மூங்கிற்கம்பத்தைக் குடியிருப்பு ஓவர்சியர் இராதாகிருஷ்ணன் ஆள்விட்டுப் பிடுங்கி, மூன்று துண்டாக முறித்துப் போட்டுவிட்டுப் போனான். அதே நாளில் அடுத்த வீட்டு லெட்சுமியின் பாகற்பந்தலும் வேறொரு விதியின் பேரால் சரிக்கப்பட்டது. காய்க்கத் தொடங்கியிருந்த கொடி.

இராமலிங்கம் அப்போது பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமற் செய்தது அந்தப் புதன்கிழமை வந்த கடிதம்.

அவருடைய ஒரே மகள் சீதாலெட்சுமி சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். பெண்ணைக் கப்பலேற்றிப் படிக்க அனுப்புகிறானே என்று பன்னிரண்டு வீடுகளிலும் வாயில் போட்டு மென்றார்கள். அதிகமாக மென்றவள் லெட்சுமிதான். ஐந்து ஆண்டுகளாக அவர் மகளைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவுமில்லை. இப்போது அவள் எழுதியிருந்தாள்: ‘அப்பா, வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சென்னை வானொலியில் பெண்கள் நிகழ்ச்சியில் பத்து நிமிடம் பேசுகிறேன். சிற்றலையில் அங்கும் எட்டும் என்கிறார்கள். அங்கே அப்போது எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்.’

அவர் அதை நான்கு முறை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனைவி வள்ளியம்மாவிடம், “நம்ம துணிக்கொடி இத்துப் போச்சு இல்ல?” என்றார்.

“கொடிக்கு என்னங்க? போன தீபாவளிக்குத்தானே கட்டினீங்க.”

“இத்துப் போச்சு. புதுசா கட்டப் போறேன்.”

கயிறு இருந்த இடத்தில் செப்புக் கம்பி ஏறிற்று. சமையற்கட்டுத் தூணிலிருந்து கொல்லைக் கோடியிலிருந்த ரம்புத்தான் மரம்வரை அறுபது அடி. கம்பி பிடிக்கும் அலை கசிந்துவிடாமலிருக்க இரு முனையிலும் பீங்கான் வேண்டும். கடையில் விற்பதை மாட்டினால் குருடனுக்கும் தெரிந்துவிடும். ஆகவே, உடைந்த தேநீர்க் கோப்பைகளின் பிடிகளை முனைகளில் கோத்தார். ஒரு முனையிலிருந்து இறங்கிய மெல்லிய கம்பி, புகைக்கூண்டு வழியாக நுழைந்து, அரிசிப் பானைகளுக்குப் பின்னால் சாக்குப் போர்த்தி உட்கார்ந்திருந்த பெட்டியைச் சேர்ந்தது. அன்று மாலையே சென்னைக் குரல் ஒன்று கரகரத்துக்கொண்டு வந்தது. வள்ளியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இதுலயா நம்ம சீதா வருவா?”

“இதுலதான்.”

“ஓவர்சியர் பார்த்தா?”

“துணிக்கொடிதானே பார்ப்பான். ஒண்ணு மட்டும் செய். கம்பி வெறுமையா தெரியவே கூடாது. என்னோட வேட்டியும் சட்டையும் எந்நேரமும் அதுல தொங்கட்டும். எடுக்காதே.”

கிடங்கில் மூட்டைகளை எண்ணும்போது ஒன்றுகூடத் தவறவிடாத அந்த மனிதர், இந்த இடத்தில்தான் தவறினார். பகலெல்லாம் கிடங்குக்குள் இருப்பவருக்குக் கொல்லைப்புறத்தின் நடைமுறை எப்படித் தெரியும்? மாலை நான்கு மணியானால் மேட்டுப்பக்கம் கறுக்கும். முதல் துளி விழுவதற்குள் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்து துணியை வாருவார்கள். வள்ளியம்மாவும் ஓடத்தான் துடித்தாள். எடுக்காதே என்று அவர் சொல்லியிருந்தாரே என்று நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பதினொரு கொடிகள் வெறுமையாயின. ஒரு கொடியில் மட்டும் வேட்டியும் சட்டையும் கொட்டும் மழையில் ஊறிக்கொண்டு தொங்கின. ஒருநாள் மட்டுமன்று; ஏழு நாள்.

எட்டாம் நாளான வியாழக்கிழமை, மழைக்கு ஒதுங்கிக் கிடங்குத் தாழ்வாரத்தில் நின்ற இராதாகிருஷ்ணன் அதைப் பார்த்தான். சற்றுநேரம் பார்த்தான். குடையை விரித்துக்கொண்டு நேராகக் கொல்லைக்கே வந்து, கோப்பைப் பிடிகளை விரலால் சுண்டினான்.

அன்று மாலை அவன் இராமலிங்கத்தின் கையில் ஓர் அறிவிப்பைக் கொடுத்தான். “மிஸ்டர் இராமலிங்கம், நாளைக்கு ஏழு மணிக்கு ஆளோட வரேன். அதுக்குள்ள நீங்களே கழட்டிடுங்க. இல்லேன்னா நான் அறுப்பேன். ரிப்போர்ட்டும் போகும். ரிப்போர்ட் போனா குவாட்டர்ஸ் போகும். வயசான காலத்துல சாமான் தூக்கிக்கிட்டு செந்தூல், காஜாங்னு வீடு தேடி அலைய வேண்டாம் லா.”

“எட்டேகால் மணிக்கு வாங்க. நானே கழட்டித் தரேன்.”

“ஏழுன்னா ஏழுதான். ரூல் உங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணா?”

“மேட்டுமேல இருக்கிற கம்பத்துக்கு எது ரூல்?”

இராதாகிருஷ்ணன் குடையை விரித்துக்கொண்டு நடந்தான். அவன் கெட்டவன் அல்லன். மேலே இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கீழே இருப்பவர் தன்னிடம் கேட்டால் எரிச்சலடையும் வகையைச் சேர்ந்தவன். அத்தகையவர்களை நம்பித்தான் அநியாயமான விதிகளெல்லாம் உயிரோடு இருக்கின்றன.

வீட்டுக்குள் வந்த இராமலிங்கம் அறிவிப்பை வள்ளியம்மாவிடம் படித்துக் காட்டினார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “மழையில ஊறின அந்தச் சனியன் சட்டையாலதான் மாட்டினோமா?” என்றாள்.

“என் புத்தியால மாட்டினோம்.”

“சரி. நாளைக்கு மழை விட்டதும் நான் துவைக்கப் போறேன்.”

“இந்த நேரத்துல துவையலா?”

“நீங்க கிடங்கு வேலையைப் பாருங்க. கொல்லை வேலையை எங்கிட்ட விடுங்க.”

மறுநாள் ஐந்து மணிக்கு மழை விட்டதும் வள்ளியம்மா தன் சேலைகள் ஒன்பதையும் தண்ணீரில் முக்கினாள்; பிழியாமலே கொண்டுவந்து, அகல விரித்து, தரையைத் தொடும்படி கம்பியில் போட்டாள். வேலிக்கு அப்பாலிருந்து லெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“என்ன வள்ளிக்கா, ஏழு நாளா நனையவிட்டீங்க, இன்னிக்கு நீங்களே நனைக்கிறீங்க?”

வள்ளியம்மா மறைக்காமல் சொன்னாள். கம்பி, கடிதம், ஏழு மணி, எட்டு அடிக்கப் பத்து நிமிடம், எல்லாவற்றையும் சொன்னாள். லெட்சுமியின் முகம் ஒரு கணம் கோணிற்று. அந்தப் பெண் படிக்கப் போனபோது தான் சொன்ன வார்த்தைகள் அவளுக்கு மறந்திருக்க வழியில்லை.

“அவ என்ன பேசப் போறா?”

“பிள்ளை பெத்தவளுக்கு என்ன சாப்பாடு குடுக்கணும்னு.”

“நாலு பெத்தேன், எவளும் எனக்குச் சொல்லலே” என்றாள் லெட்சுமி. பிறகு, “என் பாகற்பந்தலைச் சாய்ச்சவன்தானே வரான்? இருங்க வரேன்” என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு வாளி, வாளி நிறைய ஈரச் சேலை. அவள் போய்ச் சொன்ன வீடுகளிலிருந்தும் வாளிகள் வந்தன. ஆறரை மணிக்கு அறுபது அடிக் கம்பியில் ஓர் அங்குலமும் வெளியே தெரியவில்லை.

சரியாக ஏழு மணிக்கு இராதாகிருஷ்ணன் வந்தான். கூடவே நாகையா என்ற வேலையாள், ஒரு கையில் அரிக்கேன் விளக்கும் மறு கையில் குறடுமாக வந்தான். கொல்லையில் பெண்கள் எட்டுப்பேர் கூட்டமாக நின்றார்கள். இராமலிங்கம் சமையற்கட்டு வாயிலில் நின்றார்.

“துணிய எடுக்கச் சொல்லுங்க” என்றான் இராதாகிருஷ்ணன்.

“ஈரமா இருக்கு தம்பி” என்றாள் வள்ளியம்மா. “காய்ஞ்சதும் எடுக்கிறோம்.”

“ராத்திரியில எங்க காயும்? நாகையா, நீ எடுத்து ஓரமா வை.”

நாகையா விளக்கைக் கீழே வைத்தான், சேலைகளைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான். “சார், கம்பம் புடுங்கச் சொன்னா புடுங்குறேன். சாக்கடை அள்ளச் சொன்னா அள்ளுறேன். அடுத்தவன் பொண்டாட்டி சேலையில கை வைக்க மாட்டேன்.”

“அப்ப துணியோட சேத்து அறு!”

“சேறு சார், கீழே. எட்டு வீட்டுச் சேலை சேத்துல விழுந்தா, நான் நாளைக்கு இந்தக் குடியிருப்புல நடமாட முடியுமா?”

இராதாகிருஷ்ணன் குறடைப் பிடுங்கிக்கொண்டு தானே முன்னால் வந்தான். முதற்சேலையின் ஓரத்தருகே அவன் கை நின்றது. கூட்டத்திலிருந்து லெட்சுமி, “தொடுங்க தம்பி, வெட்கப்படாதீங்க. அது என் சேலைதான். செந்தூல்ல உங்கம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். ஞாயித்துக்கிழமை பாசார்ல காய்கறி வாங்குறப்ப பார்த்தா, ‘ஒங்க மவன் என் சேலையை அவுத்தான்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்” என்றாள்.

சிரிப்பு வெடித்தது. நாகையா இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். இராதாகிருஷ்ணனின் கை தானாக இறங்கிற்று.

இப்படியே அரைமணி நேரம் கடந்தது. அவனும் போகவில்லை, அவர்களும் நகரவில்லை. ஏழே முக்காலுக்கு இராமலிங்கம் உள்ளே சென்று பெட்டியைத் திருகினார். குரல் இல்லை. கிணற்றுக்கடியில் யாரோ முணுமுணுப்பதுபோல ஓர் ஓசை வந்தது; அதுவும் மறைந்தது. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த அத்தனை ஈரச் சேலையும் கம்பிக்கு வந்ததையெல்லாம் குடித்து மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தன. கம்பியைக் காப்பாற்றியவையே கம்பியை ஊமையாக்கிவிட்டன.

அவர் வாயிலுக்கு வந்தார். சேலைகள் இருந்தால் வீடு இருக்கும், குரல் இராது. சேலைகளை எடுத்தால் குறடு காத்திருக்கிறது.

“வள்ளி, எல்லாத்தையும் எடுத்துடுங்க” என்றார்.

“என்னங்க சொல்றீங்க? அறுத்துடுவான்!”

“எடுங்க. சேலை இருந்தா சீதா பேசுறது கேட்காது.”

பெண்கள் சேலைகளை மளமளவென்று வாரித் தோளில் போட்டுக்கொண்டார்கள். விளக்கொளியில் செப்புக் கம்பி முழு நீளமும் மின்னிற்று. இராமலிங்கம் உள்ளே போய்ப் பெட்டியைச் சாக்கோடு தூக்கிவந்து சன்னற்படியில் எல்லாரும் பார்க்க வைத்தார். பிறகு இராதாகிருஷ்ணனுக்கும் தூணுக்கும் நடுவே போய் நின்றார்.

“மிஸ்டர் இராதாகிருஷ்ணன், இது துணிக்கொடி இல்லே. ரேடியோக் கம்பி. நான்தான் கட்டினேன், தெரிஞ்சேதான் கட்டினேன். நோட்டை எடுத்து எழுதிக்குங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் என் மக பேசட்டும்.”

“அண்ணே, இப்படி வாயால ஒத்துக்கிட்டா நான் மறைக்க முடியாது. குவாட்டர்ஸ் போயிடும்ணே.” முதன்முறையாக அவன் அண்ணே என்றான்.

“உன்னை யார் மறைக்கச் சொன்னா? எழுது.”

அப்போது பெட்டி பேசிற்று. அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். பிறகு ஒரு பெண்குரல், சற்று நடுங்கி, உடனே நிமிர்ந்து, “தாய்மார்களுக்கு வணக்கம்” என்றது. வள்ளியம்மா ஈரச் சேலையை வாயில் அழுத்திக்கொண்டாள். இராமலிங்கம் அசையவில்லை. ஐந்து ஆண்டுகளில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும் அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வாட்டுவது தவறு என்றாள். “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!” என்று லெட்சுமி யாரையோ இடித்தாள். மீனும் கீரையும் கொடுக்கலாம் என்றாள் சீதா. “என் மாமியா உசிரோட இருந்தா இதைக் கேக்க வச்சிருப்பேன்” என்றாள் இன்னொருத்தி. நாகையா குந்தி உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவிக்கு அது ஏழாம் மாதம். இராதாகிருஷ்ணன் பென்சிலை நோட்டின்மேல் வைத்தபடி நின்றான். எழுதவில்லை, அறுக்கவுமில்லை.

பத்து நிமிடம் முடிந்தது. இதன் இரண்டாம் பகுதி அடுத்த வெள்ளிக்கிழமை இதே நேரத்தில் என்றார் அறிவிப்பாளர்.

இராமலிங்கம் பெட்டியை நிறுத்தினார். நோட்டுக்காகக் கையை நீட்டினார். இராதாகிருஷ்ணன் இரண்டு வரி கிறுக்கி நீட்டினான். அவர் அதை ஒருமுறை படித்துவிட்டு, கீழே தம் பெயரை முழுமையாகத் தமிழில் எழுதினார்.

“நாளைக்கு துரை கூப்பிடுவார்ணே” என்றான் அவன், மெல்ல.

“வரேன். எப்ப வேணும்னாலும் வரேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு நேரமில்லேன்னு சொல்லிடு.”

நாகையா குறடை எடுத்துக்கொண்டு எழுந்தான். கம்பியை அண்ணாந்து பார்த்தான். பிறகு ஓவர்சியரைப் பார்த்தான். இராதாகிருஷ்ணன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வேலிக் கதவை நோக்கி நடந்தான். அவன் திரும்பி ஒன்றும் சொல்லாததனால், நாகையாவும் குறடை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனான்.