கரமனையில் வடக்கு எந்தப் பக்கம்?

அறுபத்தோரு வயது வரை ஜெயலக்ஷ்மிக்கு வடக்கு எது, தெற்கு எது என்பதில் ஒரு சந்தேகமும் வந்தது கிடையாது. மலையாள தேசத்துக் கரமனை அக்ரஹாரத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் வாசல் கிழக்கு, கொல்லை மேற்கு, படுத்தால் தலை தெற்கே. தீர்ந்தது விஷயம். அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு யோகா வகுப்பு.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. சித்திரை மாசம் கணவர் சேஷனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த மனிதர் தூக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாரோ என்னவோ! படுப்பார், புரளுவார், எழுந்து போய் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால் ஒரு நாள் புழுக்கம் என்பார், மறுநாள் கொசு என்பார். டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: தூங்காவிட்டால் பிரஷர் இறங்காது, பிரஷர் இறங்காவிட்டால் இன்னொரு தடவை இங்கே வந்து படுக்க வேண்டியிருக்கும். அந்த 'இன்னொரு தடவை'யைக் கேட்டபின் ஜெயலக்ஷ்மி எதற்கும் தயாராகிவிட்டாள். யோகா செய்து பாருங்கள் என்று டாக்டர்தான் சொன்னார். தனியாகப் போகமாட்டேன் என்று சேஷன் அடம்பிடித்தார். சரி என்று அவளும் ஒரு சுரிதாரை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பேக்கரி மாடியில் இருந்தது ஸ்டுடியோ. நடத்துகிறவள் ஆதிரா, முப்பது வயதுக்குள் இருப்பாள். முன்பு தையல் யூனிட்டாக இருந்த ஹால் அது, ரயில் பெட்டி மாதிரி நீளம். குறுக்கே பாய் விரித்தால் நடக்க வழியிருக்காது. ஒரு கோடியில் சுவரை ஒட்டி நிலவிளக்கு, நம்ம குத்துவிளக்குதான், எரிந்தது. பதினேழு பேரும் விளக்கைப் பார்த்து உட்கார்ந்து, கையைத் தூக்கி, காலை மடக்கி, மூச்சை இழுத்து விட்டார்கள். கீழேயிருந்து பன் வேகிற வாசனை வந்துகொண்டே இருந்தது. அது போகட்டும்.

கடைசியில் சவாசனம். "எல்லாரும் மலர்ந்து கிடக்கணும். விளக்குக்கு நேரா காலை நீட்டண்டா, திரும்பி, தலையை விளக்கு பக்கம் வெச்சுக்கணும்" என்றாள் ஆதிரா, மலையாளம் கலந்த தமிழில். மல்லாந்து படுக்க வேண்டும், ஆனால் விளக்குக்குக் காலை நீட்டக் கூடாது. நல்ல மரியாதைதான். ஜெயலக்ஷ்மியும் திரும்பி, படுக்கப் போனவள், பாதியில் நின்றாள். படியேறி வந்தது இந்தப் பக்கம், காலை வெயில் அடிப்பது அந்த ஜன்னலில். அப்படியானால் விளக்குச் சுவர்?

வடக்கு! ஈஸ்வரா, பதினாறு பேரும் வடக்கே தலை வைத்துக் கிடக்கிறார்கள்!

அவளால் படுக்க முடியவில்லை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஆன்ட்டி கிடக்கலயா? முதுகு வேதனையா?" என்று ஆதிரா வந்து குனிந்து கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள். பக்கத்துப் பாயில் சேஷன். அவரை எழுப்பித் திருப்பலாம் என்று கையை நீட்டியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குறட்டை! இரண்டு மாசமாக அவள் கேட்காத குறட்டை. நீட்டிய கை அப்படியே நின்றது. எழுப்பினால் தூக்கம் போச்சு. எழுப்பாவிட்டால் வடக்கு. வகுப்பு கலைந்து, ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும் அவள் அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமும் பயமுமாக அழுகை வந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவர் தூங்குவார், அவள் உட்கார்ந்திருப்பாள். வீட்டிலோ பழையபடி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. தெற்கே தலை வைத்தால் வராத தூக்கம் வடக்கே வைத்தால் வருகிறதென்றால் இது என்ன கூத்து? வீட்டுக்கு வரும் சாஸ்திரிகளைக் கேட்டாள். வடக்கு கூடவே கூடாது என்றவர், பகலில் தூங்குவதும் கூடாது என்று ஒரு போடு போட்டார். செக்கப்புக்குப் போனபோது டாக்டரைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, எந்தத் திக்கானாலும் தூங்கினால் சரி என்றார். எதிர்வீட்டு ராஜஸ்ரீ, ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, வடக்கில் காந்தம் இருக்கிறது, இதயக்காரர்களுக்கு ஆபத்து என்று போனில் வந்த எதையோ வாசித்துக் காட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் ஸ்டுடியோ வாட்ஸ்அப்பில் ஒரு ஃபாரம் வந்தது. 'உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்' என்று ஐந்து நட்சத்திரம். ஜெயலக்ஷ்மி நாலு நட்சத்திரத்தை அமுக்கி, கீழே தட்டுத் தடுமாறி எழுதினாள்: 'எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் வடக்கே தலை வைக்கச் சொல்கிறீர்கள்.' அது நேராக எல்லாரும் இருக்கிற குரூப்பில் போய் விழும் என்று அவள் கண்டாளா!

திங்கட்கிழமை வகுப்பில் யோகா நடக்கவில்லை, வடக்குதான் நடந்தது. சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் தாணுலிங்கம் எழுந்து, "மாமி சொல்லுகது தப்பு. அது வடக்கு இல்ல கேட்டேளா, கட்டிடம் கோணலாக்கும்" என்றார். ஆளுக்கொரு போனை எடுத்துத் திசை பார்த்தார்கள். ஒரு போனில் விளக்கு வடக்கு, இன்னொன்றில் கிழக்கு, லிபி என்ற பெண்ணின் போனில் முள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் ஜன்னல் பக்கம் தலை வைத்தார், ஒருவர் வாசலை அடைத்துப் படுத்தார், ஒருவர் காலில் இன்னொருவர் தலை. கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்தபின் ஜனம் விழுந்து கிடப்பது மாதிரி இருந்தது. ஆதிரா தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்: சவாசனத்துக்கு முன் விளக்கைக் குளிரவைத்துவிடலாம், பிறகு எல்லாரும் தெற்கே தலை வைக்கலாம்.

அப்பாடா! ஜெயலக்ஷ்மி முதல் முறையாக நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தாள். படுத்தவள் தூங்கியும் போனாள். எழுந்து பார்த்தால், பக்கத்தில் சேஷன் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாயும் அப்படித்தான். புதனும் அப்படித்தான். வியாழக்கிழமை "நான் வரலே" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தார்கள். நூற்றெழுபது. ஜெயலக்ஷ்மி இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள், மெஷினில் அதே நம்பர். நான்தானே கெடுத்தேன், தூங்கிக்கொண்டிருந்த மனுஷனை நான்தானே திருப்பிப் போட்டேன் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஏன்னா, தப்பு என்மேலதான். நாளைக்கே போய் பழையபடி மாத்தச் சொல்றேன். வடக்கேயே படுங்கோ. எனக்கு நீங்க தூங்கினாப் போறும்."

சேஷன் காபியை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார். "வடக்கும் இல்லே, தெற்கும் இல்லே ஜெயா" என்றார்.

"பின்னே?"

"அங்கே நீ உக்காந்துண்டிருந்தே."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் உக்காந்தா உங்களுக்கு என்ன?"

"அப்பப்போ கண்ணைத் திறந்து பாப்பேன். அத்தனை பேரும் கட்டையாக் கிடப்பா. நீ மட்டும் என்னையே பாத்துண்டு உக்காந்திருப்பே. சரி, இவ முழிச்சிண்டிருக்கா, மூச்சு நின்னா எழுப்பிடுவான்னு ஒரு தைரியம். ஆத்துல நீ தலையைச் சாச்ச உடனே தூங்கிடறே. அப்புறம் நானும் தூங்கிட்டா..." டம்ளரைக் கீழே வைத்தார். "யார்ட்டயும் சொல்லாதே. சிரிப்பா."

முப்பத்தாறு வருஷமாக அதட்டியே பேசிப் பழகிய மனுஷர். கொசு, புழுக்கம் என்றதெல்லாம் இதுதானா! ஜெயலக்ஷ்மி எழுந்தாள். உள்ளே போய்க் கட்டிலில் விரிப்பைத் தட்டிப் போட்டாள். ஹாலில் கிடந்த நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாங்கோ. படுங்கோ. நான் முழிச்சிண்டிருக்கேன்" என்றாள். ராத்திரிக்கு என்ன செய்வது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து நிமிஷத்தில் குறட்டை வந்தது.

மறுநாள் காலை அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், "அம்மா ஆதிரா, விளக்கை அணைக்க வேண்டாம். எல்லாம் பழையபடியே இருக்கட்டும்" என்றாள். ஆதிரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆன்ட்டி தானே கம்ப்ளெய்ன்ட் பண்ணியது?" "நான்தான். புத்தி கெட்டுப் போய்ப் பண்ணினேன்."

சவாசனம் வந்தது. எல்லாரும் விளக்குப் பக்கம் தலை வைத்துப் படுத்தார்கள். சேஷனும் படுத்தார். ஜெயலக்ஷ்மி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தாணுலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. கடையிலிருந்து பித்தளையில் ஒரு திசைகாட்டியே கொண்டுவந்திருந்தார் மனிதர். அதை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நல்லா பாத்துக்கிடுங்கோ மாமி. இது வடக்கே இல்ல, வடமேற்காக்கும். தைரியமாட்டு படுங்கோ."

"இருக்கட்டும். எனக்கு வடக்குதான்."

"அப்போ மாமா படுத்திருக்காரே?"

ஹாலில் நாலைந்து தலைகள் நிமிர்ந்து பார்த்தன. சேஷனின் மூடிய இமைகள் துடித்தன. ஜெயலக்ஷ்மி அவரையும் பார்த்தாள், திசைகாட்டியையும் பார்த்தாள்.

"அவருக்கு வடமேற்கு" என்றாள்.

தாணுலிங்கம் திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் போய்த் தன் பாயில் படுத்துக்கொண்டார். சேஷன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவள் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.